அறவழி நிதிகள்: பெயரும் உள்ளடக்கமும்

அண்மையில் நாம் ஆய்வுக்குச் சென்றிருந்த நெசவாளர் சங்கம் ஒன்றில், அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் காட்டினார். "மக்களுக்கும் மண்ணுக்கும் தீங்கு செய்யாத கம்பெனிகளில் மட்டும் இந்த நிதி பணம் போடுமாம். மகளின் படிப்புக்குச் சேர்த்ததை இதில் போடலாமா, ஐயா?" என்று வினவினார். அவருடைய மைத்துனர் நொய்யல் கரையில் பயிரிடுபவர். சாயக்கழிவினால் கிணறு கெட்டுப்போனவர். தம் சேமிப்பு அத்தகைய ஆலைக்கு மூலதனமாகிவிடலாகாது என்பதே நெசவாளரின் கவலை.

அக்கவலை நியாயமானது. சாய ஆலைகள் கழிவுநீரை வெளியே விடலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கட்டளையிட்டது. அது நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு உத்தரவிட்டது. ஆலையின் லாபக் கணக்கில் எழுதப்படாத செலவை உழவர் செலுத்தினார். இத்தகைய செலவையும் கணக்கில் கொண்டு பங்குகளைத் தேர்வதாகக் கூறுபவையே அறவழி நிதிகள்.

இவை பரஸ்பர நிதிகளில் ஒரு பிரிவு. பலருடைய பணத்தைத் திரட்டிப் பல கம்பெனிகளின் பங்குகளை வாங்குவது பரஸ்பர நிதி. அறவழி நிதிகளை ஆறு வகைகளாகப் பிரித்து, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வாரியம் 2023 ஜூலையில் விதி வகுத்தது. நிதி தான் கூறும் வகைக்கேற்ற பங்குகளில் குறைந்தது 100க்கு 80 பங்கு முதலீடு செய்தல் வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் தமது நீர், கழிவு, தொழிலாளர் நிலை பற்றி ஆண்டறிக்கை தருவதும் 2022-23 முதல் கட்டாயம்.

எனினும் பெயரை மட்டும் நம்புதல் தகாது. ஜெர்மானிய வங்கிக் குழுமத்தைச் சார்ந்த டி.டபிள்யூ.எஸ். நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, அறவழி முதலீடு பற்றித் தவறான தகவல் தந்தமைக்காக 2023இல் 190 லட்சம் டாலர் அபராதம் செலுத்த இசைந்தது.

ஆதலின் அங்கத்தினர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டல் வேண்டும்.

முதலாவது, எந்த வகை? தீய தொழில்களை அறவே விலக்கும் நிதி வேறு. ஒவ்வொரு தொழிலிலும் சிறந்தவற்றைத் தேரும் நிதி வேறு. பின்னதில் நிலக்கரி எரிக்கும் கம்பெனியும், தன் இனத்தில் மேலானது என்ற காரணத்தால், இடம் பெறலாம்.

இரண்டாவது, எவற்றின் பங்குகள் உள்ளன? மாதந்தோறும் நிதி வெளியிடும் பட்டியலில் முதல் பத்துப் பெயர்களையேனும் படித்தல் நலம்.

மூன்றாவது, நிர்வாகச் செலவு எவ்வளவு? 100க்கு 2 வீதமாயின், ஒரு லட்ச ரூபாய்க்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் கழியும். முகவரின்றி நேரடியாகச் சேரின் செலவு குறையும்.

நான்காவது, பணம் எப்போது தேவை? நல்ல நோக்கம் சந்தை வீழ்ச்சியைத் தடுக்காது. ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் தொகையைப் பங்கு நிதியில் இடலாகாது.

நெசவாளரின் மகள் அடுத்த ஆண்டே கல்லூரி சேர இருக்கிறாள். ஆகவே அத்தொகையை வங்கி வைப்பிலேயே வைக்குமாறு கூறினோம். பின்னர் மிஞ்சுவதைப் பற்றி இக்கேள்விகளைக் கொண்டு முடிவு செய்யலாம் என்றோம்.

இன்னொன்றும் கூறினோம். சிறு சாயப்பட்டறைகள் பங்குச் சந்தைக்கு வருவன அல்ல. எந்த நிதியும் அவற்றைத் தேர்வதுமில்லை, விலக்குவதுமில்லை. ஆனால் அவற்றின் சாய நூலைச் சங்கங்கள் வாங்குகின்றன. நூல் எங்கே சாயமேற்றப்பட்டது, கழிவுநீர் எங்கே சென்றது என்று கொள்முதலின்போது கேட்கும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. மைத்துனரின் கிணற்றுக்கு மிக அருகில் உள்ள முதலீடு அதுவே.