பூக்கும்போது அடையாளம்... பூ முடிந்தபின் கட்டிங்! செவ்வந்தி நாற்றை நாமே உருவாக்கலாம்

செவ்வந்தித் தோட்டத்தில் பூப்பறிப்பு நடக்கும் சமயத்தில்தான் எந்தச் செடி நல்ல செடி என்பது கண்ணுக்குத் தெரியும். பக்கத்துச் செடிகள் நோயில் கருகி நிற்கும்போது ஒரு செடி மட்டும் தழைத்து நிற்கும். ஒன்றில் பூ பெரிதாக இருக்கும், நிறம் தூக்கலாக இருக்கும். 'இதிலிருந்தே நாற்று எடுத்துவிடலாம்' என்று உடனே நான்கு நுனியைக் கிள்ளி மண்ணில் ஊன்றத் தோன்றும்.

அங்கேதான் பலருக்குக் கைநஷ்டம் வருகிறது. ஊன்றிய குச்சிகளில் பாதி அழுகிவிடும். பிழைத்த பாதியும் வளராது. ஒரு சாண் உயரத்திலேயே மொட்டுக் கட்டி, இரண்டு மூன்று பூவோடு நின்றுவிடும். ஆயுத பூஜைக்குப் பூ வரும் என்று எதிர்பார்த்து நிலத்தைத் தயார் செய்தவருக்கு அந்தப் போகமே போய்விடும். மண்ணையோ உரத்தையோ குறை சொல்லிப் பயனில்லை. கட்டிங் எடுத்த நேரம்தான் தவறு.

செடிக்கு இரவைக் கணக்கிடத் தெரியும்

செவ்வந்தி, குறும்பகல் பயிர். பகல் சுருங்கி இரவு நீளும்போது மொட்டு வைக்கும். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை, அமெரிக்காவில் புகையிலை, சோயாபீன் பயிர்களை வைத்து கார்னர், அல்லார்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1920-ம் ஆண்டு வெளியிட்டார்கள்.

அதன் பிறகு 1930-களில் சோவியத் விஞ்ஞானி மிகயில் சைலக்யான் செவ்வந்தியிலேயே ஒரு சோதனை செய்தார். செடியின் மேல்பகுதி இலைகளை நீக்கிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் குறும்பகல் கொடுத்தார். நுனிக்கு நீண்ட பகல் கிடைத்தபோதும் அங்கே பூ வந்தது. 'பூக்க வேண்டும்' என்ற செய்தி இலையில் உருவாகி நுனிக்குப் போகிறது என்பது அதில் தெரியவந்தது.

நம் தோட்டத்துக்கும் இதுதான் கணக்கு. பூக்கும் செடியிலிருந்து கிள்ளும் நுனி, அந்தச் செய்தியையும் சேர்த்துக் கொண்டுதான் வருகிறது. தண்டில் இருக்கும் கொஞ்ச நஞ்ச சத்தும் மொட்டுக்கே போய்விடுவதால், வேர் விடுவது தாமதமாகிறது. அந்தத் தாமதத்தில் பூஞ்சணம் புகுந்து அடித்தண்டு அழுகுகிறது.

தமிழ்நாட்டில் ஜூன் மாதத்தில்கூட பகல் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. டிசம்பரில் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். அதனால் சில ரகங்கள் இங்கே எந்த மாதத்தில் நட்டாலும் சின்னச் செடியிலேயே மொட்டு வைக்கப் பார்க்கும். ஓசூர், சிக்பளாப்பூர் பக்கம் இரவில் செவ்வந்தித் தோட்டங்களில் பல்பு எரிவதற்கு இதுதான் காரணம்.

பூக்கும்போது கயிறு கட்டுங்கள்

அப்படியானால் நல்ல செடியைத் தேர்வு செய்வது எப்போது? பூக்கும்போதுதான். ஆனால் அப்போது கிள்ளக் கூடாது. அடையாளம் மட்டும் வைக்க வேண்டும். பறிப்பு நடக்கும்போதே நல்ல செடிகளின் அடித்தண்டில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நோயில்லாத செடி, அதிகக் கிளை, ஒரே சீரான நிறம், பறித்த பிறகு வாடாமல் நிற்கும் பூ ஆகியவற்றைப் பாருங்கள். வளர்ச்சி குன்றிய செடி, இலையில் தேமல் உள்ள செடி வேண்டவே வேண்டாம். செடியைக் குட்டையாக்கும் வைராய்டு கிருமி, கட்டிங் வழியாகவும் வெட்டும் கத்தி வழியாகவும் பரவும்.

பறிப்பு முடிந்ததும் நூல் கட்டிய செடிகளைத் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ உயரத்தில் கவாத்து செய்யுங்கள். ஒரு மொட்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது. அடியில் இருக்கும் பச்சை இலைகளை விட்டுவிடுங்கள். நன்கு மக்கிய தொழுவுரமும், ஊற வைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் கொடுத்தால் 3 முதல் 5 வாரங்களில் தூரிலிருந்து புதுத்தளிர் வரும். மண்ணுக்கு அடியிலிருந்து வரும் பக்கக்கன்றுகளை வேரோடு பிரித்து அப்படியே நடலாம். தண்டிலிருந்து வரும் தளிர்கள் கட்டிங்குக்கு ஆகும்.

நாற்று அதிகம் தேவைப்பட்டால் இந்தச் செடிகளைத் தோண்டித் தனிப் பாத்தியில் தாய்ச்செடிகளாக வையுங்கள். இரவு 10 மணி முதல் 2 மணி வரை வெளிச்சம் கொடுங்கள். நீண்ட இரவு இரண்டாக உடைந்துவிடுவதால் செடி பூக்கும் எண்ணத்தை விட்டுத் தழைக்கத் தொடங்கும். தொடர்ந்து சில நாள் மின்சாரம் இல்லாமல் போனால் மறுபடியும் மொட்டுக் கட்டிவிடும். பல்புகளை மழை நனையாதபடி பொருத்தி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் போடுவது அவசியம். ஈரப் பாத்தியில் ஒயர் இழுக்கும்போது அலட்சியம் வேண்டாம்.

10 சென்ட்டுக்கு ஒரு கணக்கு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை 30 செ.மீ-க்கு 30 செ.மீ இடைவெளி. அதன்படி ஒரு சென்ட்டுக்குச் சுமார் 450 செடிகள் வீதம், 10 சென்ட்டுக்கு 4,500 நாற்று தேவை. நான்கில் ஒரு பங்கு பழுதாகும் என்று வைத்து, 6,000 கட்டிங் எடுக்க வேண்டும். பல தடவையாக ஒரு தாய்ச்செடியில் 12 கட்டிங் எடுத்தால் 500 தாய்ச்செடிகள் போதும். இவற்றுக்கு நடைபாதை சேர்த்து ஒரு சென்ட்டுக்குச் சற்று அதிக இடம் ஆகும். அங்கே 9 வாட் எல்.இ.டி பல்பு 8 பரவலாகத் தொங்கவிட்டு, தினமும் 4 மணி நேரம் எரித்தால் மாதத்துக்கு 9 யூனிட்டுக்குள்தான் மின்சாரம் ஆகும். 98 குழி கொண்ட தட்டு 62 தேவைப்படும்.

கட்டிங் எடுக்கும் முறை

வேர் பிடிக்க ஏற்ற தளிரைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். வளைத்தால் 'டக்' என்று ஒடிந்தால் சரியான பருவம். நார் இழுத்துக்கொண்டு மடங்கினால் முற்றிவிட்டது. நுனி இலைகள் வெட்டுகள் இல்லாமல் பட்டையாக, சிறுத்து வந்தால் அதற்குள் மொட்டு உருவாகிவிட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால் ஒரு நுனியை நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் பச்சைக் குண்டுமணிபோல் தெரிந்தால் அந்தத் தளிர் உதவாது.

* காலை நேரத்தில், 5 முதல் 7 செ.மீ நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கத்தியை அடிக்கடி ஸ்பிரிட்டில் துடையுங்கள்.
* அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே 3 அல்லது 4 இலைகளை விடுங்கள். நடும் வரை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள்.
* அடிப்பகுதியை 1,000 பி.பி.எம் ஐ.பி.ஏ கரைசலில் 5 முதல் 10 விநாடிகள் நனையுங்கள். 100 மில்லிகிராம் ஐ.பி.ஏ-வை 50 மி.லி ஸ்பிரிட்டில் கரைத்து, 50 மி.லி தண்ணீர் சேர்த்தால் இந்த அளவு கிடைக்கும். வேர் ஊக்கிப் பவுடரில் தொட்டுத் தட்டிவிட்டும் நடலாம்.
* உப்பு போகக் கழுவிய தென்னை நார்க்கழிவைக் குழித்தட்டில் நிரப்பி, ஒன்றரை செ.மீ ஆழம் ஊன்றுங்கள். நிழல்வலைக்குள் வைத்து, இலை வாடாதபடி பனிபோல் தண்ணீர் தெளியுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது.
* இரண்டு வாரத்தில் வேர் தெரியும். பிறகு தெளிப்பைக் குறைத்து, ஒரு வாரம் மெள்ள வெயிலுக்குப் பழக்கி, வயலில் நடலாம்.

விளக்கு வைத்துப் பழக்கிய ரகமாக இருந்தால் குழித்தட்டு இருக்கும் இடத்திலும் இரவு வெளிச்சம் வேண்டும். இல்லையென்றால் தட்டிலேயே மொட்டு வந்துவிடும். வயலில் நட்ட பிறகும் செடி தேவையான உயரம் வரும் வரை வெளிச்சத்தைத் தொடருங்கள். நட்ட நான்காவது வாரத்தில் நுனி கிள்ளினால் பக்கக்கிளைகள் வெடிக்கும்.

ஏப்ரல்-மே மாதம் நடவு என்றால், தை மாதத்திலேயே கவாத்து முடிந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாற்று உற்பத்தியைத் தொடங்கினால் சேதாரம் கூடும்.

மிளகிலும் இதே பாடம்

எந்தக் கிளையில் எடுக்கிறோம் என்பதை மறக்காத பயிர்கள் இன்னும் உண்டு. மிளகில் தரையில் ஓடும் கொடியை வெட்டி நட்டால் மரத்தில் ஏறும். காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி நட்டால் ஏறவே ஏறாது. புதராக நின்று காய்க்கும். தொட்டியில் வளர்க்கும் புதர்மிளகு அப்படி உருவாக்கப்படுவதுதான். மிளகில் அது வசதி. வளர்ந்து கிளைத்த பிறகே பூக்க வேண்டிய செவ்வந்தியில் அது நஷ்டம்.

வாசகர் கேள்விகள்

*பூவோடு இருக்கும் ஒரே ஒரு செடிதான் என்னிடம் இருக்கிறது. காத்திருக்க முடியாது. வழி உண்டா?*

உண்டு. மொட்டு இல்லாத அடிப்பக்கத் தளிர்களை மட்டும் எடுங்கள். வேர்விடக் கூடுதல் நாள் ஆகும். இரவு வெளிச்சத்தில் வைத்து, மொட்டு வந்தால் உடனே கிள்ளுங்கள். இவற்றை வயலில் நடாமல் தாய்ச்செடிகளாக வைத்து, அவற்றில் வரும் புதுத்தளிரிலிருந்து நாற்று எடுங்கள். மூலச்செடியையும் பூ முடிந்ததும் கவாத்து செய்யுங்கள்.

*ஐ.பி.ஏ-வுக்குப் பதில் இளநீர் பயன்படுத்தலாமா?*

இளநீரில் இருக்கும் சைட்டோகைனின் தளிர் வளர்ச்சியைத் தூண்டக்கூடியது. வேருக்குத் தேவை ஆக்சின். அது ஐ.பி.ஏ-வில் கிடைக்கிறது. இளநீரில் உள்ள சர்க்கரை பூஞ்சணத்தையும் வரவழைக்கும். பருவம் சரியான செவ்வந்தித் தளிர் எந்த ஊக்கியும் இல்லாமலேயே வேர் விடும். ஊக்கி கொடுத்தால் சீராகவும் சீக்கிரமாகவும் வரும்.

*விலைக்கு வாங்கிய ரகத்தில் நானே நாற்று எடுத்தால் சட்டப் பிரச்னை வருமா?*

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001-ன் 39-வது பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், மற்றவரோடு பரிமாறிக்கொள்ளவும், விற்கவும் அனுமதிக்கிறது. அந்தச் சட்டத்தில் 'விதை' என்பது நடவுப் பொருளையும் குறிக்கும். ஆனால், பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயர், லேபிள் ஒட்டி பிராண்டாக விற்கக் கூடாது. வாங்கும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் நிபந்தனைகளையும் படித்துப் பாருங்கள்.

*எத்தனை வருடம் அதே தாய்ச்செடியில் கட்டிங் எடுக்கலாம்?*

ஒவ்வொரு வருடமும் புதிதாக வேர்விட்ட நாற்றிலிருந்து அடுத்த தாய்ச்செடிகளை உருவாக்குவது நல்லது. பழைய செடியில் தளிர் மெலியும், நோயும் சேரும். அந்த நாற்றுகளில் கொஞ்சத்தைப் பூக்க விட்டு, ரகம் மாறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.