ஒரு வீடு கலந்தால் தெருவே தோற்கும்

அடுத்த வீட்டுக்காரர் தன் குப்பையை எப்படிப் போடுகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம் என்று நம்மில் பலரும் ஒதுங்கிப் போகிறோம். இரவில் சத்தமாகப் பாட்டு வைத்தால் போய்க் கேட்கிறோம். வாசலை மறித்து வண்டியை நிறுத்தினால் சண்டைக்கே நிற்கிறோம். சாம்பார் மிச்சம், உடைந்த கண்ணாடி டம்ளர், குழந்தையின் டயப்பர், தீர்ந்துபோன பேட்டரி எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் முடிந்து, வண்டி போன பிறகு தெருமுனையில் வீசிவிட்டுப் போகிறவரைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். பண்பு என்று நாம் நினைக்கும் இந்த மௌனம்தான் நம் நகரங்களின் குப்பைத் திட்டங்களைத் தோற்கடிக்கிறது. ஏனென்றால், ஒரு வீட்டின் மீறல் அந்த வீட்டோடு முடிவதில்லை. ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்த மற்ற வீடுகளின் உழைப்பையும் அது சேர்த்து அழிக்கிறது.

2016 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை; மக்காத குப்பை; பேட்டரி, பெயின்ட் டப்பா போன்ற தீங்கு தரும் வீட்டுக் கழிவு. வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் எளிமையானது. காய்கறித் தோலும் மிச்சச் சோறும் தனியாக வந்தால் உரமாகும், எரிவாயுவாகும். அதில் கண்ணாடிச் சில்லும் பேட்டரியும் விழுந்தால் அந்த உரத்தை எந்த விவசாயியும் வயலில் போட மாட்டார். காகிதமும் அட்டைப்பெட்டியும் காய்ந்திருந்தால் பழைய பேப்பர் கடையில் விலை உண்டு; ரசம் சொட்டி நனைந்துவிட்டால் இல்லை. தள்ளுவண்டியோ பேட்டரி வண்டியோ, ஒரு தெருவின் குப்பை முழுவதும் ஒரு சில டிரம்களில்தான் சேர்கிறது. நாற்பது வீடுகள் கவனமாகப் பிரித்துத் தந்த டிரம்மில் இரண்டு வீடுகளின் கலந்த பை விழுந்தால், அந்த டிரம் முழுவதுமே கலந்த குப்பையாகிவிடும். சாலை விதியை மீறுகிறவரிடமிருந்து நாம் விலகி ஓட்டலாம். குப்பை விதியை மீறுகிறவரிடமிருந்து விலக வழியே இல்லை.

கலந்த குப்பைக்குப் போக்கிடம் பெரும்பாலும் குப்பைக் கிடங்குதான். சென்னையில் ஒரு நாளில் சேரும் குப்பை 5,000 டன்னுக்கும் அதிகம். பல பத்தாண்டுகளாக அதைத் தாங்கி வந்தவை வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பெருங்குடியும். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்தது. காற்று புகாத குவியலுக்குள் உணவுக் கழிவு அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. பக்கத்திலேயே பிளாஸ்டிக்கும் இருப்பதால் தீப்பிடித்தால் எளிதில் அணையாது. 2022 ஏப்ரலில் பெருங்குடி நாட்கணக்கில் எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பத்து நாட்களுக்கும் மேலாகப் புகைந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. கொழும்பில் மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில் சரிந்து விழுந்து 30க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்கள் அந்த மேட்டின் அடிவாரத்தில் குடியிருந்தவர்கள். குப்பையைக் கலக்கிற வீடும் அதன் விளைவைச் சுமக்கிற வீடும் வெவ்வேறு ஊர்ப் பகுதிகளில் இருப்பதால்தான் கலப்பவருக்கு அது தவறாகவே தெரிவதில்லை.

தூரத்தில் இருப்பவரை விடுங்கள், தினமும் வாசலுக்கு வருகிற தூய்மைப் பணியாளரின் கையை எண்ணிப் பாருங்கள். கலந்த பையைப் பிரிப்பது அந்தக் கைதான். கண்ணாடிச் சில்லும் இன்சுலின் ஊசியும் குத்துவதும், நாப்கினைத் தொட நேர்வதும் அந்தக் கைக்குத்தான். புனேயில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பணியாளர்களின் கூட்டுறவு அமைப்பான ஸ்வச், நாப்கினையும் டயப்பரையும் பழைய செய்தித்தாளில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துத் தரும்படி வீடுகளைக் கேட்டுக்கொண்டது. செலவில்லாத, அரை நிமிட வேலை. அதைக்கூடச் செய்ய மறுப்பதை மறதி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. நம் அழுக்கை இன்னொருவர் தொட்டுப் பிரிக்கட்டும் என்ற பழைய எண்ணம், அந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் மட்டுமே கட்டிவைத்த எண்ணம், இன்னும் நம் சமையலறையை விட்டுப் போகவில்லை என்பதையே அது காட்டுகிறது.

“நாம பிரிச்சுக் குடுத்தாலும் லாரில எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க” என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. பல இடங்களில் அது உண்மை என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. எடைக்கு எடை பணம் தரும் ஒப்பந்தம் இருந்தால், பிரிப்பதால் ஒப்பந்ததாரருக்கு லாபமே இல்லை. கட்டட இடிபாடு கலந்தாலும் அவருக்கு வருமானம்தான். ஆனால் இந்த உண்மையிலிருந்து “நானும் கலக்கலாம்” என்ற முடிவுக்கு வர முடியாது. வீடுகள் கலந்து கொடுக்கும்வரை, லாரி கலப்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. கலந்ததைத்தான் ஏற்றினோம் என்று நிர்வாகம் கை கழுவிவிடும். தெரு முழுவதும் பிரித்துக் கொடுத்தால்தான் “எங்கள் மக்கும் குப்பை எந்த மையத்துக்குப் போனது?” என்று வார்டு அலுவலகத்தில் உரிமையோடு கேட்க முடியும். “வரி கட்டுகிறோமே” என்பவர்களுக்கும் இதே பதில். வரிப்பணம் வண்டிக்கும் சம்பளத்துக்கும் மையத்துக்கும் போகிறது. சோற்றிலிருந்து ஊசியை எடுக்கும் வேலையை எந்த வரியாலும் வாங்க முடியாது.

இன்னொரு மறுப்பு நியாயமானது. ஒற்றை அறையில் குடியிருப்பவருக்குத் தனித்தனித் தொட்டிகள் வைக்க இடம் எங்கே? காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர் ஒன்பது மணிக்கு வரும் வண்டியிடம் எப்படிக் கொடுப்பார்? இவர்களைப் பிரிக்க மறுப்பவர்கள் என்று சொல்லக் கூடாது; முடியாதவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இவர்களுக்கு மாலையிலும் வண்டி வர வேண்டும். ஆனால் இவர்களின் சிரமத்தைக் காட்டி, பெரிய அடுக்ககங்களும் திருமண மண்டபங்களும் தப்பிக்கக் கூடாது. சராசரியாக நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களை 2016 விதிகள் பெருமளவு குப்பை உற்பத்தியாளர்கள் என்று வகைப்படுத்தின. இடமும் பணமும் ஆளும் உள்ள இவர்களிடமிருந்தே கண்டிப்பு தொடங்க வேண்டும்.

கண்டிப்போடு பிரித்தால் பலன் வருமா என்றால், வரும். 2017 முதல் நாட்டின் நகரங்களுக்கான தூய்மைத் தரவரிசையில் தொடர்ந்து முதலிடம் பெற்று வந்த இந்தூரில், வண்டியிலேயே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அறை உண்டு. அங்கே 2022 பிப்ரவரியில் தொடங்கிய உயிரி எரிவாயு ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையைக் கையாளும் திறன் கொண்டது. வீடுகள் பிரித்துத் தராவிட்டால் அது ஒரு வாரம்கூட ஓடாது. நமக்கும் முன்னனுபவம் உண்டு. 1989இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பு, தெருவாசிகளை மாதம் சிறு தொகை போட வைத்து, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி வீட்டு வாசலிலேயே குப்பையைப் பெறச் செய்தது. தெருவை ஒரு கூட்டாகப் பார்த்ததுதான் அதன் பலம்.

அந்தப் பார்வையே இன்று தேவை. கலந்த பையை வாங்க மறுக்கும் அதிகாரம் தூய்மைப் பணியாளருக்கு எழுத்திலேயே இருக்க வேண்டும். மறுத்ததற்காக அவரிடம் குரல் உயர்த்துகிறவருக்குக் குடியிருப்போர் நலச்சங்கம் பதில் சொல்ல வேண்டும். மறுத்த பை தெருமுனைக்குப் போனால் அபராதம், அதே வாரத்தில், அதே வீட்டுக்கு. பிரித்த குப்பை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மாநகராட்சி வார்டு வாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பக்குவமாக எடுத்துச் சொல்ல நாம் தயங்கக் கூடாது. அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிறோமே என்ற கூச்சம் வேண்டியதில்லை. நம் உழைப்பையும் ஒரு தொழிலாளியின் கையையும் காப்பதற்காகவே கேட்கிறோம்.