கோல்கீப்பருக்கு அடி, கோச்சே இறங்கினார்!

மேட்ச் நடுவில் ஒரு கோச்சே கோல்கீப்பராக இறங்கி அணியை ஜெயிக்க வைத்த கதை தெரியுமா? அதுவும் 44 வயதில்! அதுவும் ஐஸ் ஹாக்கியின் உச்சமான ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில்!

1928 ஏப்ரல் 7, மான்ட்ரியல். மரூன்ஸ் அணியின் நெல்ஸ் ஸ்டூவர்ட் அடித்த கெட்டி ரப்பர் வட்டு, நியூயார்க் ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லோர்ன் ஷாபோவின் கண்ணைப் பதம் பார்த்தது. மாற்று கோல்கீப்பரா? அந்தக் காலத்தில் அணிகள் அப்படி யாரையும் கூடவே வைத்துக்கொள்வதில்லை. கேலரியில் ஒட்டாவாவின் பிரபல கோல்கீப்பர் அலெக் கானெல் உட்கார்ந்திருந்தார். அவரை இறக்கலாமா என்று கேட்டால், மரூன்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு வழி? நரைத்த தலையோடு கோச் லெஸ்டர் பேட்ரிக்கே பேடைக் கட்டிக்கொண்டார். விட்டது ஒரே ஒரு கோல்! கூடுதல் நேரத்தில் ஃபிராங்க் பூஷே அடிக்க, 2-1 வெற்றி. கடைசியில் கோப்பையும் ரேஞ்சர்ஸுக்கே.

தொடரின் 5 மேட்ச்களும் மான்ட்ரியலிலேயே நடந்தன. நியூயார்க் மைதானத்தில் என்ன நடந்தது தெரியுமா? சர்க்கஸ்!

என்னைக் கேட்டால், அந்த இரவைவிடப் பெரிய துணிச்சலை பேட்ரிக் 1911-லேயே காட்டிவிட்டார். 1910-ல் ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊர் அணி, ஒரே சீசனுக்கு அவருக்கு 3,000 டாலர் கொடுத்தது. சம்பளத்துக்கு ஆடியவர், மறுவருடமே முதலாளி! அப்பா மரத்தொழிலை விற்ற பணத்தில் தம்பி ஃபிராங்கோடு சேர்ந்து கனடாவின் மேற்குக் கரையில் சொந்த லீக்கையே ஆரம்பித்தார். அங்கே குளிரே போதாது, குளம் உறையாது. அதனால் என்ன? விக்டோரியாவிலும் வான்கூவரிலும் இயந்திரத்தால் உறையவைக்கும் ஆடுகளங்கள் எழுந்தன. கனடாவுக்கே அவைதான் முதல்!

இன்றைய ஆட்டத்தில் தெரியும் நீலக்கோடு அந்த லீக்கில் பிறந்தது. கோலுக்குப் பாஸ் கொடுத்தவர் பெயரையும் கணக்கில் எழுதியது அந்த லீக். 1925-ல் அவருடைய விக்டோரியா அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது; ரேஞ்சர்ஸ் ஆடும் என்.ஹெச்.எல். லீக்குக்கு வெளியே இருந்து வந்து அதை வென்ற கடைசி அணி அதுதான்!

1940-ல் ரேஞ்சர்ஸ் மறுபடி கோப்பை வென்றபோது அவர் மேனேஜர். களத்தில் அவருடைய மகன்கள் லின்னும் மஸ்ஸும்! அடுத்த கோப்பை ரேஞ்சர்ஸுக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 1994-ல்!