தனித்திருத்தல் வேறு, தனிமையில் தவித்தல் வேறு

எமது சமூகத்தில் ஒருவர் மாலை நேரத்தில் எவருடனும் கதைக்காது வீட்டு விறாந்தையில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தால், அவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "ஏன், சுகமில்லையா?" என்பதாகவே இருக்கும். அடுத்த கேள்வி, "யாருடனாவது கோபமா?" என்பது. சும்மா தனியே இருக்க விரும்பினேன் என்ற பதிலை எவரும் முழுமையாக நம்புவதில்லை. இளம் பெண்ணொருத்தி இவ்வாறு பதில் சொன்னால், வீட்டார் அவளது கையடக்கத் தொலைபேசியைச் சந்தேகத்துடன் நோக்குவர். மணமான பெண் சொன்னால், புகுந்த வீட்டில் ஏதோ பிரச்சினை என்று ஊரே முடிவு செய்துவிடும்.

இந்தக் குழப்பத்தில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. துணையின்றித் தவிக்கும் நிலையையும், துணை இருந்தும் விரும்பிச் சற்று விலகியிருக்கும் நிலையையும் நாம் 'தனிமை' என்ற ஒரே சொல்லாலேயே குறிப்பிடுகின்றோம். 'ஏகாந்தம்' என்றொரு சொல் இருக்கின்றதுதான். ஆயினும் அது துறவிகளுக்கும் கவிஞர்களுக்கும் உரியதென ஒதுக்கப்பட்டுவிட்டது. சந்தைக்குப் போய் வரும் சாதாரண மனிதர் ஒருவர் தமக்கு ஏகாந்தம் வேண்டுமென்று கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே, இக்கட்டுரையில் முதலாவதைத் தனிமையுணர்வு என்றும், இரண்டாவதைத் தனித்திருத்தல் என்றும் வேறுபடுத்திக் கொள்வோம்.

தனிமையுணர்வுக்கு டானியல் பேர்ல்மன், லெட்டிஷியா பெப்லோ ஆகிய இரு உளவியலாளர்கள் 1981 ஆம் ஆண்டில் அளித்த விளக்கம் இன்றும் பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. ஒருவர் விரும்பும் உறவுகளுக்கும் அவருக்கு உண்மையில் வாய்த்துள்ள உறவுகளுக்கும் இடையிலான இடைவெளியே அது என்பது அவர்களது கருத்தின் சாரம். இதன்படி பார்த்தால், அருகில் எத்தனை பேர் இருக்கின்றார்கள் என்பதற்கும் தனிமையுணர்வுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பத்துப் பேர் வாழும் வீட்டுக்கு மருமகளாக வந்து, மனம்விட்டுக் கதைக்க ஒருவருமில்லாது நாட்களைக் கழிக்கும் பெண்ணுக்கு அது இருக்கலாம். தனி அறையில் வாடகைக்கு இருந்து படிக்கும் மாணவனுக்கு இல்லாமலும் போகலாம்.

இது மேற்கு நாட்டவரின் நோய், கூட்டாக வாழும் எம்மை அது அணுகாது என்று நம்மவர்கள் பெருமையுடன் கூறுவதுண்டு. அந்தப் பெருமைக்கு ஆதாரம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணைக்குழு 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டுள்ளதாகக் கூறுகின்றது. வருடமொன்றுக்கு 871,000 இற்கும் அதிகமான மரணங்களுடன் அது தொடர்புபட்டுள்ளதாகவும் அவ்வறிக்கை மதிப்பிடுகின்றது. இதில் எம்மைச் சிந்திக்க வைக்க வேண்டிய விடயம் வேறொன்று. உயர் வருமான நாடுகளில் ஏறக்குறைய 11 சதவீதத்தினரே தனிமையை உணர்வதாகக் கூறியிருக்க, குறைந்த வருமான நாடுகளில் இது 24 சதவீதமாக இருக்கின்றது. கூட்டம் நிறைந்த வீடும் வறுமையும் ஒருவரைத் தனிமையுணர்விலிருந்து காப்பாற்றி விடுவதில்லை.

அப்படியாயின், சிலர் மட்டும் தனியே இருந்து எவ்வாறு நிறைவு காண்கின்றனர்? பிரித்தானிய சிறுவர் வைத்தியரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனல்ட் வின்னிக்கொட் 1958 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதற்கு வியப்பூட்டும் விடையொன்றைத் தந்தார். தனியே இருக்கும் ஆற்றல், இன்னொருவரின் முன்னிலையிலேயே உருவாகின்றது என்றார் அவர். முதலில் கேட்கும்போது முரண்பாடாகத் தோன்றும். ஆனால், எமது வீடுகளில் தினமும் காணும் காட்சி ஒன்றை நினைத்துப் பார்த்தால் போதும். தாய் ஒரு மூலையில் அரிசி புடைத்துக் கொண்டிருக்கின்றாள். தவழும் குழந்தை மறுமூலையில் ஒரு சிரட்டையை உருட்டி விளையாடுகின்றது. அது தாயைப் பார்ப்பதில்லை, அழைப்பதுமில்லை. அழைத்தால் வருவாள் என்ற நிச்சயம் இருப்பதனாலேயே அது அவளை மறந்து விளையாட முடிகின்றது. தாய் எழுந்து வெளியே போனதும் விளையாட்டு முடிந்துவிடும். இந்த நிச்சயம் நாளடைவில் குழந்தையின் மனதுக்குள் குடிபுகுந்து விடுமாயின், பிற்காலத்தில் அது ஓர் அறையில் தனியே இருந்தாலும் கைவிடப்பட்டதாக உணர்வதில்லை.

அதாவது, நிறைவான தனித்திருத்தலுக்கு அடித்தளம் உறவுதான். உறவுகளை வெறுத்து ஓடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தனிமையுணர்வே.

சமய மரபுகள் இவ்வுண்மையை நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தன என்று கருத இடமுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்னர் ஹிரா குகையில் தனித்திருந்து வணங்கிய வரலாறு யாவரும் அறிந்ததே. பல இரவுகளுக்குத் தேவையான உணவை எடுத்துச் சென்று, அது முடிந்ததும் அன்னை கதீஜா (ரழி) அவர்களிடம் திரும்பி வந்து, மீண்டும் உணவு பெற்றுச் சென்றார்கள் என்று ஹதீஸ்கள் கூறும் செய்தி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. முதல் வஹீயின் அதிர்ச்சியில் நடுங்கியவர்களாக அவர்கள் இறங்கி வந்து சேர்ந்ததும் அதே இல்லத்துக்குத்தான்.

ரமழானின் இறுதிப் பத்தில் இஃதிகாப் இருப்பதும் இவ்வாறானதே. அதற்குரிய இடம் காடோ மலையோ அன்று. ஊரின் நடுவிலுள்ள பள்ளிவாசல். சுற்றிலும் மனிதர்கள் தொழுகின்றார்கள், வீட்டிலிருந்து உணவு வருகின்றது, பெருநாள் பிறை தெரிந்ததும் முடிந்துவிடும் என்பதும் தெரியும். நபியவர்கள் இஃதிகாபில் இருந்த இரவொன்றில் ஸபிய்யா (ரழி) அவர்கள் சென்று சந்தித்துச் சிறிது நேரம் உரையாடியதும், திரும்பும்போது நபியவர்கள் எழுந்து பள்ளிவாசலின் வாயில்வரை உடன் சென்றதும் ஹதீஸில் பதிவாகியுள்ளன. தனித்திருப்பவர் உறவை முறித்துக் கொண்டவர் அல்லர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளும் கொழும்புத்துறைக் குடிலில் பல தசாப்தங்கள் தனித்தே வாழ்ந்தார். 1964 ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை அக்குடிலைத் தேடி மக்கள் வந்த வண்ணமே இருந்தனர். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 இல் வோல்டன் குளக்கரையில் குடிசை கட்டிக் குடியேறி, இரண்டு வருடங்களுக்குச் சற்று மேலாக அங்கு வாழ்ந்தார். இடையிடையே ஊருக்குப் போய் வீட்டாரையும் நண்பர்களையும் கண்டு வந்தவர் என்பதைச் சுட்டிக்காட்டி அவரைப் போலி என்று கேலி செய்வோர் இன்றும் உளர். அந்தக் கேலி தேவையற்றது. திரும்பிப் போக ஓர் இடம் இருந்தபடியால்தான் அவரால் அங்கு நிம்மதியாக இருக்க முடிந்தது.

விருப்பம், எல்லை, திரும்பும் வழி ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டால் தனித்திருத்தல் தண்டனையாகி விடுகின்றது. நாளொன்றில் 22 மணித்தியாலங்களோ அதற்கு மேலாகவோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பின்றி ஒரு கைதியை அடைத்து வைப்பதைத் தனிமைச் சிறை என வரையறுக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் மண்டேலா விதிகள், அது தொடர்ச்சியாக 15 நாட்களைத் தாண்டுவதைத் தடை செய்கின்றன. 2015 டிசம்பரில் பொதுச்சபை இவ்விதிகளை ஏற்றுக்கொண்டது. இஃதிகாப் இருக்கும் ஒருவர் பத்து நாட்களின் முடிவில் ஒளிபொருந்திய முகத்துடன் வெளியே வருகின்றார். ஏறக்குறைய அதே கால அளவு, இன்னொருவருக்குச் சித்திரவதையின் எல்லைக்கோடாகின்றது. 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு அமுலுக்கு வந்தபோது நாமும் இதன் ஒரு துளியை அனுபவித்தோம். வேடிக்கை என்னவெனில், ஓர் அறைக்குள் ஐந்து பேர் முடங்கிய குடும்பங்களில் எவருக்கும் தனித்திருக்க ஒரு நிமிடமேனும் கிடைக்கவில்லை. அதேவேளை, அனைவரும் தனிமைப்பட்டிருந்தனர்.

சரி, விரும்பி ஒதுக்கிய நேரமே கிடைத்தாலும் அதை அனுபவிப்பது எளிதா? இல்லை என்பதே நேர்மையான பதிலாகும். அமெரிக்காவின் வேர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோதி வில்சனும் சக ஆய்வாளர்களும் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பங்கேற்றோர் வெற்று அறையில் 15 நிமிடங்கள் தமது எண்ணங்களுடன் மட்டும் விடப்பட்டனர். அங்கிருந்த ஒரே பொருள், அழுத்தினால் சிறு மின்னதிர்ச்சி தரும் பொத்தான். அந்த அதிர்ச்சியைத் தவிர்ப்பதற்குப் பணம் கொடுக்கவும் தயார் என்று முன்னர் கூறியிருந்தவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதை ஒரு தடவையேனும் அழுத்தினர். ஒருவர் 190 தடவைகள் அழுத்தினாராம்! இன்று எமது சட்டைப்பையிலேயே அத்தகைய பொத்தான் ஒன்று இருக்கின்றது. பஸ் தரிப்பிடத்தில் இரண்டு நிமிடம் நிற்க நேர்ந்தாலும் கை அதைத் தேடிப் போகின்றது. அதை எடுத்ததும் அங்கே நூறு பேர் பேசிக் கொண்டிருப்பார்கள். எமது தனித்திருத்தல் அத்துடன் முடிந்துவிடும். தனிமையுணர்வோ தீர்வதில்லை.

ஆயினும் நம்பிக்கை தரும் ஆய்வும் உண்டு. ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த துய்-வி நுயென் தலைமையில் 2018 இல் வெளியான ஆய்வின்படி, 15 நிமிடங்கள் தனித்திருந்தவர்களின் மனக்கொதிப்பு தணிந்திருந்தது. கோபம், பதற்றம் போன்றவை மட்டுமன்றி, மகிழ்ச்சி ஆரவாரமும் அடங்கியது. தாமே விரும்பித் தனித்திருந்தவர்களுக்கு அந்தத் தணிவு இளைப்பாறுதலாக அமைந்தது. அடுப்பை அணைத்த பின்னும் பானை உடனே ஆறிவிடாதது போன்றதே மனமும். முதற் சில நிமிடங்கள் சலிப்பும், செய்யாத வேலைகள் பற்றிய நினைப்பும் வந்து குடையும். அதைக் கண்டு எழுந்து விடுபவர்களே தமக்குத் தனித்திருத்தல் ஒத்துவராது என்கின்றனர். ஆரம்பத்தில் கைக்கு ஒரு சிறு வேலை இருப்பது நல்லது. பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது, பழைய சஞ்சிகையைப் புரட்டுவது, பண்ணைக் கடற்கரையிலோ காலிமுகத்திடலிலோ துணையின்றி நடப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். பின்னர் எந்த வேலையும் தேவைப்படாது.

இங்கு பெண்களின் நிலை தனியாகக் குறிப்பிடப்பட வேண்டியது. வீட்டின் ஆண் கடைத்தெருவுக்கோ பள்ளிவாசலுக்கோ கோயில் வீதிக்கோ போய்த் தன்பாட்டில் இருந்துவிட்டு வர முடியும். பெண்ணுக்கு அத்தகைய இடம் பெரும்பாலும் இல்லை. வீட்டார் எழும்புவதற்கு முன்னர், விடியற்காலை தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் அந்தச் சில நிமிடங்களே தமக்கென்று கிடைக்கும் நேரம் என்று கூறும் தாய்மார் பலர். நபியவர்களின் மறைவுக்குப் பின்னர் அன்னாரது மனைவியரும் இஃதிகாப் இருந்ததாக ஹதீஸ்கள் குறிப்பிடுகின்றன. பெண்ணுக்கும் தனித்திருக்கும் தேவை உண்டென்பதை ஏற்பதற்கு எமது வீடுகள்தான் இன்னும் தயங்குகின்றன. நாளொன்றுக்கு அரைமணி நேரம் பிள்ளைகளைக் கணவர் பார்த்துக் கொள்வதால் எந்தக் குடும்பமும் குலைந்து போவதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் மத்திய கிழக்கிலும் இருக்க, பெரிய வீடொன்றின் முன்னறையில் தொலைபேசி மணி ஒலிக்குமா என்று காத்திருக்கும் முதியவர்கள் வடக்கு, கிழக்கில் எத்தனையோ பேர். அவர்கள் அந்த நிலையைத் தெரிவு செய்யவில்லை. திரும்பிச் செல்ல ஒரு கூட்டமும் அவர்களுக்கு இல்லை. தனித்திருத்தலின் இன்பத்தை அவர்களிடம் உபதேசிப்பது, பசித்திருப்பவரிடம் நோன்பின் மகிமையைக் கூறுவதற்கு ஒப்பானது. அத்தகைய ஒருவருக்கு இக்கட்டுரையை வாசித்துக் காட்ட எவரேனும் எண்ணினால், பத்திரிகையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், அந்த நேரத்தில் அவருடன் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு வரலாம்.