ஆட்டோமேட்டிக் வண்டி ஏன் உதைக்கிறது?

டிஎன் 09 பதிவெண் தரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சென்னை கே.கே. நகரில் இருக்கிறது. சொந்தக் காருக்கு 15 வயது முடிந்தால் பசுமை வரி கட்டி, வண்டியை அங்கே காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2009, 2010 வாக்கில் ஷோரூமை விட்டு வந்த ஹூண்டாய் ஐ10, ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக்குகள் அந்த வயதைத் தொட்டுவிட்டன. மங்கிய பெயின்ட்டை டிங்கரிங் கடை பார்த்துக்கொள்ளும். ஆனால் லீவரை ‘பி’யிலிருந்து ‘டி’க்குத் தள்ளியதும் டொக்கென்று ஓர் அடி, ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு ஏறும்போது முதுகில் ஓர் உதை என்றால் உரிமையாளருக்கு வயிற்றைக் கலக்குகிறது. “கியர் பாக்ஸ் போச்சு சார், இறக்கிடலாம்” என்கிறார் ஷெட்டில் இருப்பவர். அவ்வளவு அவசரம் தேவையில்லை.

இந்த வகைப் பெட்டியில் கியரை மாற்றுவது எண்ணெய்தான். எஞ்சினை ஒட்டி இருக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் எதிரெதிரே இரண்டு சக்கரங்கள், இரண்டிலும் இறக்கைகள். எஞ்சின் ஒன்றைச் சுற்ற, அது வீசும் எண்ணெய் மற்றதைச் சுற்றுகிறது. ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தது காருக்காக அல்ல, கப்பலுக்காக. ஆலையில் மொத்தமாகத் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ராமேட்டிக்.

கன்வர்ட்டருக்குப் பின்னால் பற்சக்கரத் தொகுதிகளும், அவற்றைப் பிடித்து விடும் கிளட்ச் அடுக்குகளும் இருக்கின்றன. ஒரு கிளட்ச் விட, அடுத்தது பிடித்தால் கியர் மாறிவிட்டது என்று பொருள். அடுத்தது மெதுவாகப் பிடித்தால் எஞ்சின் மட்டும் அலறும், வண்டி வேகமெடுக்காது. வெடுக்கென்று பிடித்தால் உதைக்கும். எவ்வளவு அழுத்தத்தில் எண்ணெயை எந்தக் கிளட்ச்சுக்கு அனுப்புவது என்பதை வால்வு பாடி என்னும் அலுமினியத் தட்டும், அதில் செருகிய சோலனாய்டு வால்வுகளும், அவற்றுக்கு உத்தரவு போடும் சின்னக் கணினியும் சேர்ந்து முடிவுசெய்கின்றன.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டுக்கு மின்சாரம் போகாவிட்டால், பல பெட்டிகளில் அழுத்தம் குறையாது, உச்சத்துக்குப் போய்விடும். வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தில் கிளட்ச் நழுவி எரிந்துபோவதைவிட, பயணி கொஞ்சம் குலுங்குவது மேல் என்ற கணக்கு அது. ஆகவே, பலமான உதை என்றால் கிளட்ச் தேய்ந்தது என்று பொருளல்ல. கணினிக்கு ஏதோ ஒரு சென்சார் தப்பான தகவல் சொல்லியிருக்கலாம், ஒரு கனெக்டரில் துரு ஏறியிருக்கலாம்.

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார், கேள்வி கேட்பார். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, வெயிலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகா? எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு? நிற்கப்போகும்போதா, கிளம்பும்போதா? லீவரைத் தள்ளும்போது மட்டும் அடி விழுந்தால் பெட்டியைத் தொடவே வேண்டியதில்லாமல் போகலாம். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் எஞ்சின் சட்டத்தில் மோதி அதே சத்தத்தைத்தான் எழுப்பும். திராட்டில் பாடியில் கரி படிந்து ஐடில் வேகம் ஏறி நின்றாலும் ‘டி’ விழும்போது அடிக்கும். பேட்டரி மாற்றிய மறுநாள் தொடங்கிய உதை என்றால், கணினி தான் கற்றுவைத்திருந்ததை மறந்திருக்கும். கொஞ்ச நாள் ஓட்டினால் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

அடுத்தது ஆயில். அளவு பார்ப்பதிலேயே கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. ஹூண்டாயில் பெட்டி சூடேறி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டு டிப்ஸ்டிக்கை இழுக்க வேண்டும். ஹோண்டாவில் எஞ்சினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். குச்சியை வெள்ளை டிஷ்யூவில் துடைத்தால் மீதி தெரிந்துவிடும். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பாக இருந்தால் மாற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் கருகியிருக்கிறது. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர். 2015 டிசம்பரில் கே.கே. நகர், எம்.ஜி.ஆர். நகர், ஜாஃபர்கான்பேட்டைப் பக்கம் வெள்ளத்தில் நின்ற கார்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். பெட்டியின் காற்றுத் துளை மூழ்கினால் தண்ணீர் அதன் வழியாகவே இறங்கிவிடும்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். ஐ10-க்கு எஸ்பி-3 ரகம், ஹோண்டாவுக்கு முன்பு இசட்-1, இப்போது டிடபிள்யூ-1. கிளட்ச் எவ்வளவு மெத்தென்று பிடிக்கும் என்பதை ஆயிலில் கலந்த வேதிப்பொருள்கள்தான் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை இந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். தடை வந்ததும் மாற்றுச் சரக்கு தேடி அலைய வேண்டியதாயிற்று. எல்லா வண்டிக்கும் ஒரே டப்பாவைச் சாய்க்கும் ஷெட்டுகள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளலாம்.

வடித்து ஊற்றினாலும் முழு ஆயிலும் மாறாது. பாதிக்கு மேல் கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை மாற்றுவது அதனால்தான். வடிக்கும்போது அடித்தட்டின் காந்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் சாம்பல் நிறச் சாந்து ஒட்டியிருப்பது சகஜம், இரும்புச் சில்லு இருப்பது சகஜமல்ல.

பிறகுதான் ஸ்கேனர். பி0700 என்று மட்டும் காட்டினால் கோளாறு என்னவென்று அது சொல்லவில்லை, “கியர் பெட்டியின் கணினியைக் கேள்” என்கிறது. அந்தக் கணினியையும் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். பி0715 உள்வேக சென்சாரையும், பி0750 சோலனாய்டு ஒன்றையும் கைகாட்டும். இரண்டையும் மாற்றப் பெட்டியைப் பிரித்துப் போட வேண்டியதில்லை.

2014-இல் மாருதி செலேரியோவோடு வந்த ஏஎம்டி வண்டிக்காரர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். அது சாதாரணக் கியர் பெட்டிதான், கிளட்ச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் இயந்திரக் கை செய்கிறது. கியர் மாறும்போது வரும் தலையாட்டல் அதன் பிறவிக் குணம்.

தீய்ந்த வாடை, இரும்புச் சில்லு, நழுவல் மூன்றும் சேர்ந்தால் இறக்கத்தான் வேண்டும். பிரித்துக் கட்டும் செலவைக் கேட்டுவிட்டு, பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. பழைய பெட்டி வாங்கலாம், தப்பில்லை. விலை பேசுவதற்கு முன் வடிகால் போல்ட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட வேண்டும். கழற்ற மறுக்கும் கடையிலிருந்து அடுத்த கடைக்கு நடந்துவிடலாம்.