பழைய கணினிக்கும் பணி உண்டு

அலுவலகக் கணினி மந்தமானால், உடனே புதியது வாங்க வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். மேசைக் கணினியோ தனித்தனியே கழற்றி மாட்டத்தக்க உறுப்புகளால் ஆனது. தளர்ந்த உறுப்பை மட்டும் மாற்றினால் பணி தடைபடாது. செலவும் ஒரே நாளில் வந்து சேராது.

பெரும்பாலும் குறை வன்தட்டில்தான் இருக்கும். அதனுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. கோப்பைத் திறக்கும்போது, படிக்கும் முனை நகர்ந்து, உரிய பகுதி சுழன்று வரும்வரை கணினி காத்திருக்கிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தில் அசையும் பகுதியே இல்லாததால் இக்காத்திருப்பும் இல்லை. முதலில் மாற்ற வேண்டியது இதுவே. அடுத்தது நினைவகம், டி.டி.ஆர்.3 பொருந்தும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது என்பதால் வகையறிந்து வாங்க வேண்டும்.

இவ்வழிக்கும் எல்லை உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பழைய செயலிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அந்நிலையில் புதிய கணினி தேவையே. எனினும், பழையதை அன்றே விற்றுவிடலாகாது.

இங்குதான் பலர் இடறுகின்றனர். ஒருங்குறி பரவும் முன்னர், இந்தி ஆவணங்களைக் கிருதிதேவ் எழுத்துருவிலும் தமிழ் ஆவணங்களைப் பாமினி போன்றவற்றிலும் தட்டச்சு செய்தனர். அக்கோப்புகளில் பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளே. அவற்றுக்கு நம் எழுத்தின் வடிவத்தைத் தருவது எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணினியில், பல்லாண்டுக் கடிதங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். கோப்பு அழிவதில்லை, அதனைப் படிக்கும் வழிதான் தொலைகிறது.

ஆகவே, சில வாரங்களேனும் இரு கணினிகளும் அருகருகே இயங்க வேண்டும். ஒவ்வொரு வகைக் கோப்பையும் புதியதில் திறந்து, அச்சிட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துருக்களையும் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பழைய மென்பொருள் தேவைப்படும்வரை, அந்தக் கணினியை இணைய இணைப்பின்றி வைத்திருப்பது பாதுகாப்பானது.

அத்தேவையும் தீர்ந்தபின் அதில் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் அவ்வகையைச் சேர்ந்தது. நிறுவும்போது முன்பிருந்தவை அழியக்கூடும் என்பதால், கோப்புகளை முன்னரே வேறிடத்தில் படியெடுத்துவிட வேண்டும். பின்னர் அக்கணினி, அலுவலகக் கோப்புகளின் அன்றாடப் படிகளைக் காக்கும் பெட்டகமாக ஒரு மூலையில் இயங்கிக்கொண்டிருக்கும்.