அறுவைக்குப் பின் ஒரு சிறு ஊசி

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தையலும் ஆறி வருகிறது. நாளை வீடு திரும்பலாம் என்று மருத்துவரும் கூறிவிட்டார். உற்றார் மகிழ்ந்திருக்கும் அந்நேரத்தில், கட்டிலை விட்டெழுந்த நோயாளி திடீரென மூச்சுத் திணறிச் சாய்கிறார். சில நிமிடங்களில் உயிர் பிரிகிறது. “மாரடைப்பு” என்று பலரும் எண்ணிக்கொள்வர். ஆனால் இத்தகைய சாவுக்குக் காரணம் பல வேளைகளில் காலிலே தோன்றியதாக இருக்கக்கூடும்.

காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைவது நம் உயிர்காக்கும் ஏற்பாடு. பெரிய அறுவைக்குப் பின் உடல் முழுவதும் இவ்வுறையும் தன்மை மிகுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை இதயம் நோக்கி மேலே தள்ளுகின்றன. படுத்தே கிடந்தால் அது தேங்கி, காலின் ஆழத்திலுள்ள இரத்தக் குழாயில் கட்டியாகிறது. அக்கட்டி பெயர்ந்து சென்று நுரையீரலின் குழாயை அடைத்துவிடுமானால் உயிருக்கே ஆபத்து. இவ்வாறு கட்டி ஓரிடத்தில் தோன்றி வேறிடம் செல்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவ மேதை விர்ஹோ 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் என்னும் மருந்துக்கு வழிவகுத்த ஆய்வு 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நிகழ்ந்தது. அதைச் செய்தவர் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர். ஆயினும் அறுவை மருத்துவர்கள் தயங்கினர். புதுப் புண்ணுடன் இருப்பவருக்கு இம்மருந்தைக் கொடுத்தால் இரத்தம் பெருகாதா? நியாயமான அச்சமே.

குறைந்த அளவில் கொடுத்தால் என்ன என்பதே அதற்குக் கிடைத்த விடை. இலண்டனில் பணியாற்றிய, இந்திய வழிவந்த அறுவை மருத்துவர் விஜய் கக்கர் முன்னின்று நடத்திய பன்னாட்டு ஆய்வின் முடிவு 1975-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாற்பது வயதைக் கடந்த 4,121 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு 5,000 யூனிட் ஹெப்பாரின் தோலுக்கடியில் செலுத்தப்பட்டது. பின்னர் எட்டு மணிக்கொருமுறை ஏழு நாட்கள் தொடர்ந்தது. ஊசி பெறாதவருள் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தனர்; பெற்றவருள் இருவரே. புண்ணில் இரத்தம் கட்டியோர் சற்று மிகுதியாயினும், காப்பாற்றப்பட்ட உயிர்களுக்குமுன் அது சிறிதே.

இன்று நாளுக்கு ஓரிரு முறை மட்டும் போடத்தக்க எனாக்ஸபாரின் போன்ற ஊசிகள் பெரிதும் பயன்படுகின்றன. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியோர்க்கு மாத்திரைகளும் உண்டு. இடுப்பு மூட்டு மாற்றத்துக்கும் வயிற்றுப் புற்றுநோய் அறுவைக்கும் பின் ஏறத்தாழ நான்கு வாரங்கள்வரை மருந்து தொடர்வதுண்டு.

இதில் குடும்பத்தாரின் பங்கும் பெரிது. “அசையாமல் படுத்திரு” என்று நாம் அன்பினால் சொல்லும் சொல்லே தீங்காகலாம். மருத்துவர் அனுமதித்தவுடன் நோயாளியைத் தாங்கி நடக்கச் செய்யுங்கள். வயிற்றுத் தோலில் ஊசி போட்ட இடம் சிறிது கன்றி நீலம் பாரித்ததென்று, மீதியுள்ள ஊசியை வேண்டாமென்று நிறுத்திவிடாதீர்கள். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, முன்னர் இரத்தப்போக்கு, ஆஸ்பிரின் உண்ணும் வழக்கம் ஆகியவற்றை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் மறையாது கூறுங்கள். மருந்து எல்லோர்க்கும் ஒன்றுபோல் பொருந்துவதன்று. அளவையும் நாளையும் அவரே வகுக்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவிவிடலாகாது, கட்டி பெயரக்கூடும். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். வீடு திரும்பிச் சில வாரங்கள் ஆனபின்னும் இவ்விழிப்பு தேவை.

நோயுற்றோரைச் சந்தித்தல் இரக்கச் செயல்களுள் ஒன்றென மறைக்கல்வியில் கற்றோம். அறுவை முடிந்த ஒருவரைக் காண அடுத்த முறை செல்லும்போது, கையில் கொண்டுசெல்லும் பழங்களோடு இரு கேள்விகளையும் கொண்டுசெல்வோம்: “இன்று எழுந்து நடந்தீர்களா? இரத்தம் உறையாதிருக்க ஊசி உண்டா என்று மருத்துவரைக் கேட்டீர்களா?”